ஸ்டெரொய்ட் குளிசையும் என் அளவுக் கொப்பியும்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சுகாதாரப் பக்கத்தில் முதியவர்களின் எலும்பு மெலிவைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. பால் குடிக்க வேண்டும், வெயிலில் நிற்க வேண்டும், நடக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எல்லாம் சரிதான். ஆனால் எலும்பை உள்ளுக்குள் இருந்தே மெலியவைக்கும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டெரொய்ட் குளிசை யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீட்டு அலுமாரிகளில் இருக்கிறது. அதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் குளிசையை ஆறு வருடங்களாக என் கையாலேயே வாங்கி மனைவிக்குக் கொடுத்தவன் நான். அதனால் இந்தக் கடிதம்.

நான் வைத்தியன் அல்ல. கொக்குவிலில் 41 வருடங்களாகத் தையல்கடை வைத்திருக்கிறேன். படிப்பு ஓ.எல். வரைக்கும். என்னிடம் இருப்பது ஒரு அளவு நாடாவும் கட்டுக்கட்டாக அளவுக் கொப்பிகளும்தான். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யுத்தத்தால் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, தையல் மெசினை விட்டுவிட்டு இந்தக் கொப்பிகளைத்தான் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனேன். "மெசினை விட்டிட்டுக் கடுதாசியைக் கட்டுறியள்" என்று மனைவி அன்றைக்கு ஏசியது இப்போதும் காதில் நிற்கிறது. அப்படிக் காப்பாற்றிய கொப்பி வரிசையில் பிற்காலத்தில் அவருடைய வருத்தமும் வருடா வருடம் பதிவாகிக்கொண்டு வந்திருக்கிறது. எழுதிய எனக்குத்தான் அதை வாசிக்கத் தெரியவில்லை.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னால் மனைவிக்கு இரண்டு சோட்டியும் ஒரு சாறிச் சட்டையும் தைப்பது எங்கள் வீட்டு வழக்கம். 2016இல் சோட்டியின் முன் நீளம், தோளிலிருந்து கணுக்கால் வரை, 50 அங்குலம். 2019இல் 49¼. 2021இல் 48½. 2022இல் 48. ஒவ்வொரு முறையும் நாடாவைப் பிடித்து, எழுதி, வெட்டினேன். வயது போனால் ஆள் கொஞ்சம் கூனுவது வழமைதானே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பக்கத்துக் கட்டத்தில் உள்பாவாடை நீளமும் இருக்கிறது: அந்த ஏழு வருடங்களும் 37 அங்குலம், ஒரு நூல்கூட மாறவில்லை. கால் அப்படியே இருக்க ஆள் கட்டையாகிறார் என்றால் குறைவது முதுகுதான் என்று ஒரு தையற்காரனுக்கு விளங்கியிருக்க வேண்டும். பழைய சோட்டியைப் போட்டால் முன் விளிம்பு நிலத்தில் இழுபடும், பின் விளிம்பு மேலே ஏறி நிற்கும். வளைந்த முதுகுக்கு என்று ஒரு வெட்டு இருக்கிறது. அந்த வெட்டை என் கை தானாகவே வெட்டிக்கொண்டிருந்தது. மனம் ஏன் என்று கேட்கவில்லை.

வருத்தம் தொடங்கியது 2017இல், தைப்பொங்கல் முடிந்த கையோடு. காலையில் எழும்பினால் விரல் மூட்டுகள் வீங்கியிருக்கும். ஒரு மணித்தியாலத்துக்குக் கை மடங்காது. தேங்காய் திருவ முடியாது, படலைக் கொளுக்கியைக் கழற்ற முடியாது. டொக்டர் மூட்டுவாதம் என்றார். கிழமைக்கு ஒருமுறை போடும் மெதோட்ரெக்சேட் என்ற மருந்தும், தினமும் போடும் பிரெட்னிசலோன் என்ற சின்னக் குளிசையும் எழுதினார். பிரெட்னிசலோன் ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம், அதாவது 5 மில்லிகிராம் குளிசை இரண்டு. கிழமை மருந்து பிடிபடச் சில மாதம் செல்லும், அதுவரைக்கும் இது, பிறகு குறைத்துக்கொண்டு வரலாம் என்றுதான் சொன்னதாக ஞாபகம்.

மூன்றாம் நாள் காலை குசினிக்குள் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால் மனைவி பிட்டுக் கொத்திக்கொண்டு நிற்கிறார். நான் சாமி அறைக்குப் போய் விளக்கேற்றினேன். இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த அதிசயம் இல்லை என்று பிறகு தெரிந்தது. 1948இல் அமெரிக்காவில் ஃபிலிப் ஹென்ச் என்ற வைத்தியர் நடக்க முடியாமல் கிடந்த ஒரு மூட்டுவாதப் பெண்ணுக்குக் கோட்டிசோன் ஊசி போட, சில நாட்களிலேயே அவர் எழும்பி நடந்தாராம். 1950இல் அதற்காக அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பிரெட்னிசலோன் அந்தக் கோட்டிசோனின் வழியில் வந்த மருந்துதான். ஆகவே இது கூடாத மருந்து என்று நான் எழுதவரவில்லை. அந்த மூன்றாம் நாள் பிட்டை நான் மறக்க மாட்டேன்.

பிழை பிறகுதான் நடந்தது. கிழமை மருந்து வயிற்றைப் பிரட்டுகிறது என்று மனைவி அதை மெல்லக் கைவிட்டார். சின்னக் குளிசையை விடவில்லை. 2020இல் ஊரடங்கு, கிளினிக்குக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு போகப் பஞ்சியாகிவிட்டது. 2022இல் பெற்றோலுக்கும் மருந்துக்கும் நாடே வரிசையில் நின்ற காலம். நான் பழைய மருந்துத் துண்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தேன். அதைக் காட்டினால் போதும், பாமசியில் குளிசை எண்ணித் தருவார்கள். நல்லாய் இருக்கும் நாளில் ஒன்று, நோ கூடின நாளில் இரண்டு. டொக்டரும் நாங்களே.

இதில் எங்கள் ஊர்க்காரரின் மனத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்தவர்கள் நாங்கள். மண்ணெண்ணெய் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் நான் தைத்திருக்கிறேன். மருந்துக்கு அலைந்து அலைந்து, கிடைத்த குளிசையைப் பொன்போலப் பொத்தி வைத்த பழக்கம் அந்தக் காலத்தில் வந்தது. வேலை செய்கிற குளிசை என்று ஒன்று கையில் அகப்பட்டால் அதை விட எங்களுக்கு மனம் வராது.

2023 ஆனி மாதம் ஒரு காலை கரண்ட் இல்லை, மோட்டர் போட முடியவில்லை. மனைவி கிணற்றில் அரை வாளி தண்ணீர் அள்ளினார். அரை வாளிதான். வாளியைத் திருப்பிக் கிணற்றுக்கட்டில் வைக்கும்போது நாரியில் ஏதோ "சடக்" என்றதாம். அப்படியே கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவரை நானும் பக்கத்து வீட்டுப் பெடியனும்தான் தூக்கி வந்து படுக்கவைத்தோம். எக்ஸ்றேயில் இரண்டு முள்ளந்தண்டு எலும்புகள் முன்பக்கம் நசிந்து ஆப்பு மாதிரி இருந்தன. டொக்டர் விரலை வைத்துக் காட்டினார்: "இது இப்ப உடைஞ்சது. மேலே இருக்கிறது எப்பவோ உடைஞ்சது, உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கு." எப்பவோ என்றால் எப்போது? வீட்டுக்கு வந்து கொப்பியைப் புரட்டினேன். 2019க்கும் 2021க்கும் இடையில் முக்கால் அங்குலம் ஒரேயடியாக இறங்கியிருக்கிறது. அந்த நாட்களில் மனைவி நாரிப்பிடிப்பு என்று சித்தாலேப பூசிக்கொண்டு திரிந்தார். முள்ளந்தண்டில் இப்படி ஏற்படும் முறிவுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான் அந்த நேரத்திலேயே வைத்தியரின் கண்ணுக்குத் தெரியவருகிறதாம். மற்றவை எங்கள் வீட்டில் போலத்தான், தைலத்தோடு போய்விடும்.

என் தம்பியின் மகள் மருத்துவ பீடத்தில் படிக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவள், பெரியம்மாவின் முதுகைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் கேட்டது ஒரே கேள்வி. "பெரியப்பா, பெரியம்மா எத்தினை வருசமா இந்தப் பிரெட்னிசலோன் போடுறா?"

"ஆறு வருசம் இருக்கும்."

"எலும்புக்கு ஏதும் குடுத்தவையோ?"

இந்தக் கேள்வியை முதல் மூன்று மாதத்துக்குள் நானே யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும். கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

அவள் விளக்கியதை என் தொழில் பாஷையில் சொல்கிறேன். எலும்பு கல்லைப் போல ஒரே நிலையில் கிடக்கும் சாமான் இல்லை. ஒவ்வொரு நாளும் அங்கங்கே பிரிபட்டு, பிரிந்த இடத்திலேயே புதிதாகத் தைபடுகிறது. பிரிக்கும் கலங்கள் ஒரு வகை, தைக்கும் கலங்கள் இன்னொரு வகை. இரண்டு பேரும் ஒரே வேகத்தில் வேலை செய்தால் சட்டை சரியாக இருக்கும். இந்த ஸ்டெரொய்ட் மருந்து முதலில் கைவைப்பது தைப்பவர்களில். புதிதாக வேலைக்கு வருபவர்கள் குறைகிறார்கள், இருப்பவர்கள் காலத்துக்கு முந்தி மடிகிறார்கள். பிரிப்பவர்களுக்கோ தொடக்கத்தில் ஆயுள் கூடுகிறது. போதாததற்குத் துணி வரத்தும் குறைகிறது. சாப்பாட்டிலுள்ள கல்சியத்தைக் குடல் உள்ளே எடுப்பதற்கு விற்றமின் டி துணைநிற்க வேண்டும். அந்தத் துணையை ஸ்டெரொய்ட் தடுத்துவிடுகிறது. தப்பித்தவறி உள்ளே போன கல்சியத்தையும் சிறுநீரகம் வழக்கத்தை விட அதிகமாகச் சிறுநீரோடு வெளியே விடுகிறது. தைக்க ஆள் இல்லை, துணியும் இல்லை, பிரிக்கிறவன் மட்டும் ஓவர்டைம் செய்கிறான். அந்தக் கடை என்னவாகும்?

முள்ளந்தண்டு எலும்பின் உட்புறம் கடற்பஞ்சு போல இருப்பதால் அடி முதலில் அங்கேதான் விழுகிறது. வேகமான இழப்பு முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் நடந்துவிடுகிறது. நான் இதைக் கேட்டபோது திடுக்கிட்டது அந்த இடத்தில்தான். பல வருடம் போட்டால்தான் பாதிப்பு என்று எண்ணுகிறோம். பொங்கலுக்குத் தொடங்கிய குளிசை சித்திரை வருடப்பிறப்புக்குள் எலும்பில் வேலையைத் தொடங்கியிருக்கிறது. தொடை, புயத் தசைகளும் இந்த மருந்தால் மெலிவதால் ஆள் தடுமாறி விழுவதும் கூடுகிறது.

இனி எழுதப்போவது என் மடைத்தனம். ஆசிரியர் அவர்களே, கடிதம் நீளம் என்றால் எங்கே வேண்டுமானாலும் கத்தரி வையுங்கள், எனக்கு வெட்டு புதிதல்ல. இந்தப் பகுதியில் மட்டும் வைக்காதீர்கள்.

மனைவி வீட்டுக்கு வந்த அன்றிரவே ஆத்திரத்தில் குளிசைப் போத்தலை எடுத்து மெசின் லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். இனி இந்தச் சனியன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல என்று சாப்பிடாமல் படுத்தார். மூன்றாம் நாள் விடிய வாந்தி, எழும்பி நிற்கத் தலைச்சுற்று, கை கால் குளிர்ந்துவிட்டது. ஓட்டோவில் கொண்டு ஓடினோம். பிரஷர் விழுந்துவிட்டது என்று சேலைனும் ஊசியும் ஏற்றினார்கள். அந்த ஊசியும் ஸ்டெரொய்ட்தான். நான் பூட்டி வைத்த அதே சாமான்.

சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி போட்டதுபோல இரண்டு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. எங்கள் உடம்புக்கு வேண்டிய இயற்கையான ஸ்டெரொய்டைச் செய்வது அவைதான். வெளியிலிருந்து மாதக் கணக்கில் குளிசை வந்துகொண்டிருந்தால் அவை வேலையை விட்டுவிடும். தைத்த உடுப்பு வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் கடைப் பையன் ஊசியைக் கீழே வைத்துவிடுவான்தானே. ஒருநாள் திடீரென்று வெளி வரத்தை நிறுத்தினால் அவனால் உடனே எழும்பித் தைக்க முடியாது. ஆகவே இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு யாரும் குளிசையை நிறுத்தக் கூடாது. குறைப்பதானால் டொக்டர் சொல்லும் கணக்கில், கிழமைகள் மாதங்கள் எடுத்து, படிப்படியாகத்தான். தம்பி மகள் என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து, "பெரியப்பா, நான் பாதிதான் சொல்லியிருந்தனான், மற்றப் பாதியைக் கேக்கமுன்னம் நீங்கள் கத்தரியை எடுத்திட்டியள்" என்றாள்.

சரி, மற்றப் பாதி என்ன? அமெரிக்க வாதநோய் வைத்தியர்களின் கல்லூரி 2022இல் புதுப்பித்த வழிகாட்டல் ஒன்று இருக்கிறது. பிரெட்னிசலோன் 2.5 மில்லிகிராமோ அதற்கு மேலோ, அதாவது அந்தச் சின்னக் குளிசையில் பாதியேயானாலும், மூன்று மாதத்துக்கு மேல் தினமும் எடுப்பவர் எவரானாலும் எலும்பைக் கவனிக்க வேண்டும் என்கிறது அது. தொடங்கி ஆறு மாதத்துக்குள் எலும்பு முறியும் ஆபத்து எவ்வளவு என்று மதிப்பிட வேண்டும். சாப்பாடும் குளிசையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கல்சியம், 600 முதல் 800 அலகு விற்றமின் டி கிடைக்க வேண்டும். ஆபத்துக் கூடியவர்களுக்கு இவை மட்டும் போதாது, எலும்பு பிரிபடுவதைத் தடுக்கும் மருந்தும் வேண்டும். இது இளம் ஆட்களுக்கும் ஆண்களுக்கும் சேர்த்துத்தான். எலும்பு மெலிவு கிழவிகளின் வருத்தம் என்ற எண்ணத்தை இந்தக் குளிசை விஷயத்தில் விட்டுவிட வேண்டும்.

கல்சியத்தில் நான் ஏமாந்த ஒரு கணக்கும் இருக்கிறது. இடையில் ஒரு காலம் மனைவிக்குக் கல்சியம் லக்டேட் குளிசை நாளுக்கு இரண்டு கொடுத்தோம். பெட்டியில் 300 மில்லிகிராம் என்று இருந்தது. இரண்டு போட்டால் 600, மிச்சத்தைச் சாப்பாடு பார்த்துக்கொள்ளும் என்று கணக்குப் பார்த்தேன். ஆனால் அந்த 300 என்பது லக்டேட்டோடு சேர்ந்த நிறை. அதற்குள் இருக்கும் கல்சியம் 39 மில்லிகிராம்தான். இரண்டிலும் 78. கரையோடு சேர்த்துத் துணி அளந்த கதை. கல்சியம் காபனேற்றில் நூற்றுக்கு 40 பங்கு கல்சியம். 1250 மில்லிகிராம் குளிசையில் 500 கிடைக்கும். ஆனால் அதைச் சாப்பாட்டோடு போட்டால்தான் உடம்பில் சேரும். ஒரே நேரத்தில் 500க்கு மேல் போட்டும் பெரிதாகப் பலன் இல்லை, பிரித்துத்தான் போட வேண்டும். தைரொய்ட் குளிசை போடுபவர்கள் இரண்டுக்கும் இடையில் நாலு மணித்தியாலம் விட வேண்டும். உங்கள் குளிசையில் உண்மையான கல்சியம் எவ்வளவு என்று பாமசியில் ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.

விற்றமின் டி குறைவு என்று இரத்தப் பரிசோதனையில் வந்தபோது நான் சிரித்தேன். யாழ்ப்பாணத்து வெயிலிலா? யோசித்துப் பார்த்தால், மனைவி விடியமுதல் குசினிக்குள், மத்தியானம் வீட்டுக்குள், வெளியே இறங்கினால் குடை. வெயில் முற்றத்தில் ஒடியலுக்குத்தான் விழுந்தது.

சாப்பாட்டைப் பற்றி உங்கள் கட்டுரையாளர் எழுதிவிட்டார், நான் இரண்டு வார்த்தை சேர்க்கிறேன். சோற்றில் கல்சியம் மிகச் சொற்பம். 100 கிராம் குரக்கன் மாவில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு தம்ளர் பாலில் 240 அளவில். முள்ளோடு சப்பிச் சாப்பிடும் நெத்தலியும் முருங்கை இலை வறையும் எங்கள் காலடியில் கிடப்பவை. குரக்கன் பிட்டு என்றால் முகம் சுளித்த மனைவி இப்போது தேங்காய்ப்பூவைக் கூடப் போட்டுச் சாப்பிடுகிறார். நானும்தான், வேறு வழி?

எலும்புக்கு அவருக்குக் கிடைத்த மருந்து அலென்ட்ரொனேட், 70 மில்லிகிராம், கிழமைக்கு ஒன்று. தொடங்கமுதல் பல்லைக் காட்டி ஏதும் பிடுங்க வேண்டியிருந்தால் முடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். இந்தக் குளிசைக்குப் பெரிய மரியாதை செய்ய வேண்டும். விடிய எழும்பி வெறும் வயிற்றில், ஒரு முழுத் தம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் படுக்கக் கூடாது, ஒன்றும் சாப்பிடக் கூடாது. தொண்டைக் குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும். தேத்தண்ணியோடு போட்டால் மருந்து உடம்பில் சேராது. ஐந்து மணித் தேத்தண்ணி இல்லாமல் நாற்பது வருடத்தில் ஒரு நாளும் விடியாத மனுசிக்கு இது பெரிய தண்டனை. நாரி நோவைக்கூடப் பொறுத்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அரை மணித்தியாலம் என்னோடு கோபம். பூக்கூடையை எடுத்துக்கொண்டு செவ்வரத்தை ஆய்ந்து, வளவை இரண்டு சுற்றுச் சுற்றி வருவார். அதுவும் நல்லதற்குத்தான், எலும்புக்கு நடை வேண்டும்.

இவ்வளவு தெரிந்த பிறகு கடைக்கு வருபவர்களை நான் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. போன வருடம் நாற்பது வயதுக்காரர் ஒருவர் சேர்ட் தைக்க வந்தார். எனக்குப் பழைய ஆள். கொலர் ஒன்றரை அங்குலம் கூடியிருந்தது, பிடரிக்குக் கீழே ஒரு திரணை, முகம் உருண்டு, வயிறு முன்னுக்கு. ஆனால் கையின் சுற்றளவு குறைந்திருந்தது. கொழுத்த ஆளின் கை மெலியாது. "தம்பி, ஏதும் குளிசை போடுறியளோ?" என்று கேட்டேன். முழங்கால் நோவுக்கு ஒரு கடையில் பேர் இல்லாத கடுதாசிப் பொட்டலத்தில் நாலு நிறக் குளிசை வாங்கிப் போடுகிறாராம், எட்டு மாதமாக. "அருமையான மருந்து அண்ணை, ரெண்டு நாளில நோ பறந்திட்டுது." அந்த இரண்டு நாள் என்ற சொல்லிலேயே எனக்கு விளங்கிவிட்டது. கிளினிக்கில் பார்த்து அதில் ஸ்டெரொய்ட் கலந்திருக்கிறது என்றார்கள். உருண்ட முகம், பிடரித் திரணை, மெலிந்த கைகால் என்ற இந்தக் கோலத்தை ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க வைத்தியர் 1932இலேயே விவரித்து எழுதியிருக்கிறார். இந்தச் சுரப்பு உடம்பில் தானாகவே மிஞ்சிப்போனவர்களைப் பார்த்து எழுதியது அது. நாங்கள் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம். பேர் எழுதாத பொட்டலத்தை வாங்காதீர்கள் என்பதைத் தவிர இதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. என் மனைவியின் கதையைக் கேட்ட ஒரு தாய், தன் மகனின் முட்டு (ஆஸ்துமா) வருத்தத்துக்கான, மூச்சோடு இழுக்கும் பம்பில் ஸ்டெரொய்ட் இருக்கிறதாம் என்று அதை நிறுத்தப்போனார். நல்லகாலம் என்னிடம் சொன்னார். பம்பில் வருவது மைக்ரோகிராம் கணக்கு, மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது நேரே சுவாசப்பைக்குப் போகிறது, குளிசையோடு ஒப்பிட்டால் எலும்புக்குப் போவது மிகக் குறைவு. அதை நிறுத்தி முட்டு கூடினால் கடைசியில் குளிசைதான் போட வேண்டிவரும்.

லண்டனில் இருக்கும் என் மைத்துனரும் பிரெட்னிசலோன் எடுக்கிறார். அவருடைய பேர்சுக்குள் ஒரு நீல நிற அட்டை இருக்கிறது, வட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். இவர் ஸ்டெரொய்ட் எடுக்கிறார், திடீரென்று நிறுத்தக் கூடாது என்று அதில் அச்சடித்திருக்கிறது. அங்கே நெடுநாளாக இருக்கும் வழக்கமாம். இங்கே எங்களுக்குக் கிடைத்த உறையில் குளிசையின் பேர் ஆங்கிலத்தில், பக்கத்தில் 2-0-0, அதாவது காலையில் இரண்டு, என்று மட்டும்.

இந்த மண்ணில் அப்படி இருக்கத் தேவையில்லை. 1847இல் இங்கே வந்த அமெரிக்க மிஷனரியான கிறீன் வைத்தியர் மானிப்பாயில் ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர், மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். 1884இல் அவர் இறந்தார். கொக்குவிலிலிருந்து மானிப்பாய் எத்தனை தூரம்? சைக்கிளில் கால் மணித்தியாலம். அவ்வளவு பெரிய உடற்கூற்று நூலையே தமிழில் எழுதிய இடத்தில் ஒரு குளிசை உறையில் இரண்டு வரி எழுத முடியாதா?

ஆகவே உங்கள் பத்திரிகை வழியாகச் சுகாதாரத் திணைக்களத்தையும் பாமசி வைத்திருப்பவர்களையும் கேட்பது இதுதான். பிரெட்னிசலோன் கொடுக்கும் உறையில் ஒரு இறப்பர் முத்திரை குத்துங்கள்: "திடீரென்று நிறுத்த வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால் எலும்பைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்." பழைய துண்டைக் காட்டி வருடக் கணக்கில் வாங்கும் என்னைப் போன்றவர்களைத் தயவு தாட்சணியம் பார்க்காமல் கிளினிக்குக்குத் திருப்பி அனுப்புங்கள். முத்திரை செய்யும் செலவு அதிகமில்லை. கொக்குவில் பக்கத்துப் பாமசிகள் இரண்டுக்கு நானே செய்து கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.

மனைவி இப்போது கிழமை மருந்தை ஒழுங்காகப் போடுகிறார், வயிற்றைப் பிரட்டாமல் இருக்க ஃபோலிக் அமிலமும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பிரெட்னிசலோன் இத்தனை மாதம் எடுத்து 2.5க்கு இறங்கியிருக்கிறது. நசிந்த எலும்பு நிமிராது என்று சொல்லிவிட்டார்கள். 2023இல் கொப்பியில் எழுதிய முன் நீளம் 47.

போன கிழமை கொடியேற்றத்துச் சோட்டிக்கு அளவெடுத்தேன். தோளில் நாடாவை வைத்துக் கணுக்காலுக்குக் குனிந்தபோது மேலேயிருந்து கேட்டார்: "இஞ்சாருங்கோ, இந்தமுறை எத்தினை?"

"போன வருசத்து அளவுதான். நாப்பத்தேழு."

"அப்ப போன வருசத்து வெட்டையே வெட்டுங்கோ. கை மட்டும் கொஞ்சம் நீளமாய் வையுங்கோ, நுளம்பு கடிக்குது."

இப்படிக்கு,
ஒரு தையற்காரன்,
கொக்குவில்.